வளையம் சிறிது, விலை பெரிது!



கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வாசலில் ஒருநாள் காலையிலே நின்று பாருங்கள். கிண்டித் தொழிற்பேட்டையிலிருந்து வந்தவர், அம்பத்தூரிலிருந்து வந்தவர், மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் பஸ் மாறி வந்தவர் என்று உழைப்பாளர் கூட்டம் வரிசை பிடித்து நிற்கும். ஒருவர் கட்டுப்போட்ட கையோடு நிற்பார். ஒருவர் பிள்ளையின் தோளைப் பிடித்து நடப்பார். இவர்களைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும், என்ன நடந்தது என்று.

அதே வரிசையில் இன்னொருவரும் இருப்பார். கை முழுசு, கால் முழுசு. உடம்பிலே ஒரு வெட்டுக் காயம் கூட இராது. ஆனால் நாலு படி ஏறினால் நின்றுவிடுவார். மார்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பார். "என்ன ஐயா வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "பிட்டர் வேலை தம்பி, குழாய் வேலை" என்பார். எந்த இயந்திரம் அவரைக் கடித்தது? எந்தச் சக்கரம் அவரை இழுத்தது? அவருக்கே தெரியாது!

அப்படிப்பட்டவர்களுக்காகவே அந்த மருத்துவமனையில் தொழில்வழி நோய்களுக்கான மையம் ஒன்றை இ.எஸ்.ஐ. நிறுவனம் வைத்திருக்கிறது. தென்மண்டலத்துக்கே அது மையம். நம் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி பங்காக மூன்றே கால் ரூபாயும் சேர்ந்து நடக்கிற மருத்துவமனை அது. அங்கே போய்ச் சேருகிற நோய் எங்கே புறப்படுகிறது என்பதைத்தான் இன்று பேச வேண்டும். அது புறப்படுகிற இடம் பல வேளைகளில் ஆலையின் ஸ்டோர் அறை! அங்கே மூலையில் சாய்த்து வைத்திருக்கிற பேக்கிங் ஷீட்!

ஆலையிலே வேலை பார்க்கிற தோழர் எவருக்கும் இந்தப் பேச்சு புதிதாக இராது:

"சார், ஸ்டீம் லைன்ல நாலு இஞ்சு பிளாஞ்சு ஒழுகுது. கேஸ்கெட் வேணும்."

"மூலையில ஷீட்டு இருக்குது பாரு. வெட்டிப் போட்டுக்க."

"அது என்ன ஷீட்டு சார்?"

"என்ன ஷீட்டா இருந்தா உனக்கென்னப்பா? ஒழுகாம இருந்தாச் சரி!"

முடிந்தது பேச்சு! அந்த ஷீட்டை வாங்கியவர் ஆபீசில் இருக்கிறார். விலையைக் குறைத்தவர் அதற்கும் மேல் மாடியில் இருக்கிறார். வெட்டுகிறவன், பொருத்துகிறவன், நாளைக்குச் சுரண்டி எடுக்கிறவன் நம் தோழன். எது வாங்குவது என்று முடிவு செய்யும்போது அவனை யாரும் கேட்கவில்லை. கெட்டுப் போனால் மட்டும் கேட்பார்கள்: "யாரடா பொருத்தியது?"

கேஸ்கெட் என்பது என்ன, அப்படியொரு பெரிய விஷயமா என்று கேட்பார்கள். வீட்டுக் குழாயில் வாஷர் தேய்ந்தால் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது அல்லவா? அதே வேலைதான், ஆலையில் பெரிய அளவில். இரண்டு பிளாஞ்சுகளை எவ்வளவு கடைந்து வைத்தாலும் அவற்றின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். நடுவே இளகிய பொருள் ஒன்றை வைத்து, போல்ட்டுகளை முடுக்கினால், அது அந்தப் பள்ளங்களில் புகுந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே ஓடுவது நீராவியோ, எண்ணெயோ, அமிலமோ, நச்சு வாயுவோ, அதற்கும் வெளியே நிற்கிற மனிதனுக்கும் இடையே இருப்பது இந்த ஒன்றரை மில்லிமீட்டர் தடுப்புத்தான்!

சிறிய வளையம் என்று அலட்சியமாகச் சொல்கிறவர்களுக்கு ஒரு சேதி சொல்லலாம். 1986ஆம் ஆண்டு ஜனவரி 28. அமெரிக்காவின் 'சேலஞ்சர்' விண்கலம் கிளம்பியது. எழுபத்து மூன்றே வினாடி! வானத்திலே சிதறியது; ஏழு பேரும் மாண்டார்கள். உலகத்திலேயே அதிகப் பணமும் அதிகப் படிப்பும் கொட்டிச் செய்த இயந்திரத்தை வீழ்த்தியது எது? ராக்கெட்டின் இணைப்பிலே இருந்த ரப்பர் ஓ ரிங். அன்று காலை கடுங்குளிர், குளிரிலே ரப்பர் விறைத்துப் போயிற்று, விரிந்து இடைவெளியை அடைக்கவில்லை, அனல் வெளியேறியது.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இப்படி நடக்கலாம் என்று அந்த ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் எஞ்சினீயர்களே முந்தின நாள் இரவு எச்சரித்தார்கள். 53 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே குளிர் இருந்தால் கிளப்ப வேண்டாம் என்றார்கள். நிர்வாகம் கூடிப் பேசியது, எஞ்சினீயர்களின் சொல் தள்ளப்பட்டது, கிளப்பினார்கள்! பின்னர் விசாரணைக் குழுவில் இருந்த விஞ்ஞானி பெயின்மன், எல்லோரும் பார்க்க, அந்த ரப்பர்த் துண்டைக் கிளாம்பில் நெருக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டினார். நெருக்கியதை விட்ட பிறகும் அது பழைய வடிவுக்கு உடனே திரும்பவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் விளங்கிய உண்மை, மேல் மாடியில் விளங்கவில்லை!

பாடம் இரண்டு. வளையம் சிறிதானாலும் இடத்துக்கேற்ற வளையமாக இருக்க வேண்டும். அதைப் பற்றி, அருகே நின்று வேலை செய்கிறவன் சொல்லுகிற சொல் எடுபட வேண்டும்.

இடத்துக்கேற்ற வளையம் எது? பெரிய மர்மமொன்றுமில்லை. நாலு கேள்வி கேட்டால் போதும். குழாயில் என்ன ஓடுகிறது? எவ்வளவு சூடு? எவ்வளவு அழுத்தம்? பிளாஞ்சின் முகமும் போல்ட்டும் எப்படிப்பட்டவை? இந்த நாலுக்கும் விடை தெரியாமல் ஷீட்டிலே கத்தரிக்கோல் வைப்பது, நோய் என்னவென்று கேட்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம்.

பச்சைத் தண்ணீர் ஓடுகிற குழாய்க்குச் சாதாரண ரப்பர் போதும். அதே ரப்பரை நீராவிக்குப் போடலாமா? பத்துக் கிலோ அழுத்தத்தில் நீராவியின் சூடு 180 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். இயற்கை ரப்பர் நூறு டிகிரிக்கு முன்பே தளர்ந்துவிடும். எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். வெந்நீருக்கு நல்லதென்று பெயர் எடுத்த ஈ.பி.டி.எம். ரப்பர், எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும். பார்ப்பதற்கு இரண்டும் கறுப்புத்தான். தொட்டால் ஒன்றுபோலத்தான் இருக்கும். குணம் மட்டும் வேறு!

அமிலத்துக்கு டெப்லான் சிறந்தது. எந்த அமிலத்துக்கும் அசைந்து கொடுக்காது. ஆனால் இறுக்கத்தில் நாளாக நாளாக மெல்ல வழிந்து ஒதுங்கும் இயல்பு அதற்கு உண்டு. 260 டிகிரிக்கு மேல் ஆகாது. பனிக்கட்டித் தொழிற்சாலையிலும் குளிர்சாதனக் கிடங்கிலும் ஓடுகிற அம்மோனியாவுக்குச் செம்பு, பித்தளை எதுவும் கூடாது, அரித்துவிடும். விலை உயர்ந்த விட்டான் ரப்பர் கூட அம்மோனியாவுக்கு ஆகாது! விலை கூடினால் நல்லது என்ற கணக்கும் இங்கே செல்லாது. உயர்ந்த அழுத்தத்து நீராவிக்குக் கிராபைட் வேண்டும். உருக்குப் பட்டையும் கிராபைட்டுமாகச் சுருட்டிய ஸ்பைரல் வளையம் வேண்டும். அந்த வளையத்தின் விளிம்பிலே மஞ்சள், பச்சை என்று வண்ணம் பூசியிருப்பது அழகுக்காக அல்ல. மஞ்சள் என்றால் 304 உருக்கு. பச்சை என்றால் 316 எல் உருக்கு. சாம்பல் கோடு என்றால் உள்ளே கிராபைட். வெள்ளைக் கோடு என்றால் டெப்லான். இதைப் படிக்க எஞ்சினீயரிங் பட்டம் வேண்டுமா? ஒருநாள் மாலை யூனியன் ஆபீசில் உட்கார்ந்தால் போதும்!

இவ்வளவு வகை எதற்கு, எங்கள் காலத்தில் ஒரே ஷீட்டைத்தானே நீராவிக்கும் எண்ணெய்க்கும் போட்டோம் என்று மூத்த தோழர்கள் கேட்பார்கள். உண்மை, போட்டோம். அந்த ஒரே ஷீட்டின் பெயர்தான் கல்நார். ஆஸ்பெஸ்டாஸ்! சூடு தாங்கும், இறுக்கம் தாங்கும், விலை மலிவு, எங்கே போட்டாலும் பெரும்பாலும் நிற்கும். தேர்ந்தெடுக்கும் தொல்லையே வைக்காத பொருள் அது. நிர்வாகத்துக்கு அதைப் போல வேறென்ன வேண்டும்! ஆனால் யோசிக்கிற வேலையை அது ஆபீசுக்கு மிச்சப்படுத்தியது. மூச்சு விடுகிற வேலையைத் தொழிலாளிக்குக் கடினமாக்கியது.

கல்நாரைச் சுரண்டினால் நுண்ணிய இழைகள் பறக்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்கிலே உறுத்தாது, உடனே இருமல் வராது. நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடும். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு கழித்துக் கணக்குத் தீர்க்கும். நுரையீரல் இறுகும், புற்றுநோய் பிடிக்கும், நுரையீரலைச் சுற்றிய சவ்வையே தாக்கும் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றும் வரும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ள தோழர்களே, கவனியுங்கள்! கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றின் அபாயம் பல மடங்காகப் பெருகும். வெள்ளைக் கல்நார் சாது என்ற வாதமும் பொய். எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு.

இது நேற்றுத் தெரிந்த சேதியா? இல்லை! இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற தொழிலாளிப் பெண் 1924இல் இறந்தாள். வயது 33. அவள் நோய் கல்நாரால் வந்தது என்று ஒப்புக்கொள்ள அவள் வேலை பார்த்த நிறுவனம் மறுத்தது, இழப்பீடு கொடுக்கவில்லை. குக் என்ற டாக்டர் அவளுடைய நுரையீரலில் கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ ஏட்டில் எழுதினார். 1930இல் அரசின் ஆய்வறிக்கை வந்தது: சோதித்த 363 தொழிலாளரில் 95 பேருக்கு நுரையீரல் இறுகியிருந்தது. நாலில் ஒருவருக்கு மேல்! மறு ஆண்டே விதிகள் வந்தன. ஆனால் இங்கிலாந்து கல்நாரை முழுக்கத் தடுத்தது எப்போது? 1999இல்! அறிக்கைக்கும் தடைக்கும் இடையே 69 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் இலாபம் ஓரிடத்தில் குவிந்தது. இழை வேறிடத்தில் படிந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தடுத்தது. அமெரிக்கா 2024 மார்ச்சில் வெள்ளைக் கல்நாரைத் தடுக்கும் விதியை வெளியிட்டது. அந்த விதியில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட பொருள்களில் ஒன்று எது தெரியுமா? ஷீட் கேஸ்கெட்! நம் ஸ்டோர் மூலையில் சாய்ந்திருக்கிற அதே சரக்கு!

நம் நாட்டிலோ, கல்நார்ச் சுரங்கத்துக்குப் புதிய குத்தகை தருவதை 1986இல் நிறுத்தினார்கள். வெளிநாட்டுக் கல்நார் வந்து இறங்குவதை நிறுத்தவில்லை. மண்ணிலிருந்து எடுப்பது அபாயம், கப்பலிலிருந்து இறக்குவது அபாயமில்லையாம்! கல்நார் ஜாயின்டிங் ஷீட்டுக்கென்று ஐ.எஸ். 2712 என்று தர எண்ணே வகுக்கப்பட்டது. சட்டப்படி வாங்கலாம், சட்டப்படி விற்கலாம். தொழிலாளி சட்டப்படி மூச்சுத் திணறலாம்!

இதற்கு நிர்வாகத் தரப்பில் ஒரு பதில் உண்டு. அதையும் நேர்மையாக எடுத்து வைப்போம். "கேஸ்கெட் ஷீட்டில் கல்நார் ரப்பரோடு சேர்த்து அழுத்திப் பிணைக்கப்பட்டிருக்கிறது, கூரைத் தகட்டைப் போலப் பொடியாக உதிராது, தூசு எங்கே வருகிறது?" என்பார்கள். புதிய ஷீட் சும்மா சாய்ந்திருக்கும் வரையில் இது சரிதான். ஆனால் ஷீட் சும்மா இருக்கவா வாங்குகிறார்கள்? நம் தோழன் அதைப் பிளாஞ்சின் மேல் வைத்து, விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டுகிறான். ஓராண்டு நீராவியில் வெந்த பிறகு அதில் பிணைப்பு ஏது? பிளாஞ்சு முகத்தில் தீய்ந்து ஒட்டிக் கிடக்கும். அதை ரம்பப் பிளேடால் சுரண்டுகிறான். கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறான். அவசரமென்றால் கிரைண்டரை வைக்கிறான். கடைசியில் காற்றுக் குழாயைப் பிடித்து ஊதுகிறான். பிணைத்து வைத்த இழை அத்தனையும் அவன் முகத்துக்கு நேரே! அதே சட்டையோடு வீட்டுக்குப் போகிறான். மனைவி அதை உதறித் துவைக்கிறாள். ஓடி வந்து கட்டிக்கொள்கிறது குழந்தை.

இன்னொரு பதில், விலை. கிராபைட் ஷீட்டின் விலை அதிகம் என்பார்கள். ஆம், அதிகம். ஆனால் எந்தக் கணக்கில் பார்க்கிறீர்கள்? ஷீட்டின் விலை ஆலையின் பேரேட்டில் ஏறுகிறது. நோயின் விலை அந்தப் பேரேட்டில் ஏறுவதில்லை. அது கே.கே. நகர் வரிசையில் ஏறுகிறது. நம் முக்கால் ரூபாயும் சேர்ந்த நிதியில் ஏறுகிறது. பிட்டர் வீட்டுப் பெண்ணின் தாலியில் ஏறுகிறது! மலிவு என்று அவர்கள் சொல்வது மலிவு அல்ல. செலவை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றும் கைவேலை!

1995 ஜனவரி 27இல் உச்சநீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் ஒரு நல்ல தீர்ப்பு வழங்கியது. தொழிலாளியின் உடல்நலம் அவனுடைய உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலக் குறிப்பையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் உறுதியானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது.

நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அது யாரைப் பற்றியது? கல்நார் ஆலைத் தொழிலாளரைப் பற்றியது. சாய ஆலையிலே, இரசாயன ஆலையிலே, மின் நிலையத்திலே ஷட்டவுன் சமயத்தில் ஒப்பந்தக்காரர் அழைத்து வருகிற குழாய்ப் பிட்டர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்? இந்த மாதம் ஓர் ஆலை, அடுத்த மாதம் வேறோர் ஆலை. எங்கே, எந்த ஷீட்டைச் சுரண்டினார் என்று எழுதி வைத்தவர் யார்? நாற்பது ஆண்டு கழித்து டாக்டர் கேட்கிறார்: "கல்நாரில் வேலை செய்ததுண்டா?" அவர் சொல்கிறார்: "இல்லீங்க, நான் பேக்கிங்தான் வெட்டினேன்!" அந்த ஒரு சொல்லில் தவறிப் போகிறது, அவர் நோயின் பெயர், அதோடு போகிறது அவர் உரிமையும்.

ஆகவே தோழர்களே, கல்நார் ஒழிய வேண்டும். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நாம் உட்கார்ந்துவிட முடியாது. கல்நார் போகிற இடத்தில் தேர்ந்தெடுக்கிற வேலை வந்து நிற்கிறது! 'கல்நார் அல்லாதது' என்று எழுதிய ஷீட் எல்லாம் எல்லா இடத்துக்கும் ஆகாது. சில வகை இழை ஷீட்டுகள் சூட்டில் நாளடைவில் இறுகி விறைத்துப் போகும். அப்போது போல்ட்டை மறுபடி முடுக்கினால் வெடித்துப் பிளக்கும். கல்நாருக்குப் பழகிய கைப்பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஷீட்டை மட்டும் மாற்றினால், நாற்பது ஆண்டு கழித்து வரும் ஆபத்தைத் தவிர்த்து, நாளைக்கே வரும் ஆபத்தை வாங்கிக்கொள்வோம். பழி அப்போதும் பிட்டர் தலையில்!

எனவே நாம் கேட்பது இவைதாம்.

ஒவ்வோர் ஆலையிலும், எந்தக் குழாயில் எந்தக் கேஸ்கெட் என்ற பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும்; தமிழில் இருக்க வேண்டும்; ஸ்டோர் வாசலில் தொங்க வேண்டும். பெயரில்லாத ஷீட் ஸ்டோருக்குள் நுழையக் கூடாது. கழற்றிய கேஸ்கெட்டை மறுபடி போடச் சொல்லக் கூடாது. ஒருமுறை நசுங்கியது நசுங்கியதுதான். போல்ட்டை முடுக்க டார்க் ஸ்பேனர் கொடுக்க வேண்டும். எதிரெதிராக, படிப்படியாக முடுக்க நேரமும் கொடுக்க வேண்டும். ஸ்பேனரில் பைப்பைச் செருகித் தொங்கித் தொங்கி முடுக்குவதை வீரம் என்று எண்ணுகிற பழக்கத்தை நாமும் விட வேண்டும்.

பழைய கல்நார்க் கேஸ்கெட்டை எடுக்கும்போது தண்ணீர் விட்டு ஊறவைத்து, கையால் எடுத்து, பையில் கட்டி மூடவேண்டும். கம்பி பிரஷ், கிரைண்டர், காற்றுக் குழாய் மூன்றும் கூடாது. கைக்குட்டை கட்டினால் போதாது. நுண் இழையைத் தடுக்கும் முகமூடி வேண்டும். வேலைச் சட்டையைத் துவைப்பது ஆலையின் வேலை. நம் வீட்டுப் பெண்களின் வேலை அல்ல. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரும் அவர் கையாண்ட பொருளும் பதிவேட்டில் ஏற வேண்டும். 40 ஆண்டுக் கணக்கு அவருக்கும் வேண்டும்.

இவற்றில் எது நடக்க முடியாதது? எது ஆலையை மூடிவிடக் கூடியது? ஒன்றுமில்லை! கேட்பாரில்லாததால் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கேளுங்கள். நாளைக்கே ஸ்டோருக்குப் போகும்போது கேளுங்கள்: "இது என்ன ஷீட்டு சார்?" "உனக்கென்னப்பா?" என்று பதில் வந்தால் தலை குனிந்து திரும்பாதீர்கள். "எனக்குத்தான் சார்! இதை வெட்டுவது என் கை, இதன் தூசு போவது என் நெஞ்சு" என்று சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு என்பார்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் தேடுவார்கள். யூனியன் கேட்டால் பட்டியல் தொங்கும்!

கே.கே. நகர் வாசலில் மூச்சுக்குத் தவிக்கிற அந்த மூத்த தோழருக்கு அன்று இந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.